ஒன்பதாவது பாட்டு

"ஊ... ஊஊ..."

இருட்டியதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடியும் அந்த ஊளை.

அவள் குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு, சோஃபாவை இழுத்து வாசல் கதவோடு ஒட்டி வைத்தாள். பிறகு, நைட் ஷிப்டில் இருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, பக்கத்து வீட்டு ஜடாமுடி ஆரம்பிச்சுட்டான்."

"ராக் பாடகன்னா அப்படித்தான். பாட்டுக் கம்பெனி எதுவும் இல்லாம, சொந்தமா வீட்டுலயே ஆல்பம் பண்றானாம்."

"ஆல்பமா? யார் கழுத்தையோ நெரிக்கிற மாதிரி இருக்கு!"

"அப்ப ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிகிட்ட சொல்லு."

சொன்னாள். கீழ் வீட்டிலிருந்து ஆன்ட்டி புயலாக மேலே வந்தாள். இவள் சோஃபாவைத் தள்ளிவிட்டு, இடுப்பில் குழந்தையோடு ஆன்ட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஜடாமுடி கதவைத் திறந்தான். கழுத்தில் ஹெட்போன். உள்ளே ஜன்னலெல்லாம் போர்வை. துணி அலமாரிக்குள் ஒரு மைக்.

"பச்சைக் குழந்தை இருக்கிற இடத்துல என்னடா ஊளை? இந்த மாசத்தோட காலி பண்ணு!"

"ஆன்ட்டி, எட்டுப் பாட்டு முடிச்சுட்டேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு. குழந்தை முழிச்சுக்கக் கூடாதுன்னுதான் அலமாரிக்குள்ள நுழைஞ்சு பாடறேன்."

"அதான் பேய் மாதிரி கேக்குது!"

"என் வீட்டுலயும்தான் பேய். நான் வாயைத் திறந்தாலே இந்தச் சுவர்லயிருந்து ஒரு சத்தம் வருது. கேளுங்க."

பட்டனைத் தட்டினான். மெல்லிய கிடார். கொஞ்சுகிற மாதிரி ஒரு குரல். திடீரென்று, "கர்ர்ர்... டொம்!"

"இது நேத்து எடுத்தது. இது முந்தாநாள்."

"கர்ர்ர்... டொம்!"

ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்தாள். பிறகு திரும்பி, "ஏம்மா, உன் வீட்டுப் பக்கமிருந்துல்ல வருது?" என்றாள்.

இவள் முகம் சுண்டிவிட்டது.

"சோஃபா சத்தம், ஆன்ட்டி. கதவுக்கு முட்டுக் கொடுப்பேன். தாழ்ப்பாள் உடைஞ்சு கிடக்குன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"ஆள் வரச் சொல்லியிருக்கேனே..." ஆன்ட்டியின் குரல் சட்டென்று இறங்கியது. "அடடா, அடுப்புல பால்!" அடுத்த நிமிஷம் படிக்கட்டில் அவள் தலைகூடத் தெரியவில்லை.

"யாருக்குப் பயந்துக்கா இதெல்லாம்?" என்றான் ஜடாமுடி.

"அது... திருடனுக்கு." அவன் முடியைப் பார்க்காமல் சொன்னாள்.

அவன் தன் முடியைத் தடவிக்கொண்டே உள்ளே போனான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். தன் வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி, அவள் கதவில் மாட்டினான்.

"ஐயோ, உங்க வீட்டுக்கு?"

"என் வீட்டுக்குள்ள திருடன் வந்தா கோரஸ் பாட வச்சுடுவேன். நீங்க உள்ள போய்ப் போட்டுப் பாருங்க. நான் வெளியிலிருந்து தள்ளறேன்."

அவள் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். வெளியே அவன் தோளால் ஒரு முட்டு முட்டினான். இன்னொரு முட்டு. கதவு அசையவில்லை.

"நிம்மதியா தூங்குங்கக்கா!" வெளியிலிருந்து அவன் சிரிப்பது கேட்டது. "என்னாலயே உள்ள வர முடியல!"