லாயிடின் முதல் நாள்

"பயமா இருக்கு பிரிஸில்லா. தப்பா எழுதினா ஆபீஸே சிரிக்கும்" என்றான் லாயிட்.

"முதல் நாள்னா எல்லாருக்கும் அப்படித்தாங்க. குழந்தை இயேசுவை வேண்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள் மனைவி.

விவேக் நகரில் பஸ் ஏறி வங்கிக்குப் போய்ச் சேர்ந்தான். பாஸ்புக்கில் வரவு, பற்று எழுதும் முறையைப் பக்கத்து சீட்டு ராதா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மதியத்துக்குள் தப்பில்லாமல் எழுதத் தொடங்கிவிட்டான்.

"பரவாயில்லையே! நானும் இங்க வந்து மூணு வருஷம்தான் ஆகுது. உழைச்சா சீக்கிரம் என் அளவுக்கு வந்துடுவீங்க சார். எப்ப அப்பாயின்ட்மென்ட் ஆச்சு?"

லாயிட் நெளிந்தான்.

"பதினாலு வருஷமாச்சு மேடம். நம்ம பேங்க் பாஸ்கெட்பால் டீமுக்கு ஆடத்தான் என்னை எடுத்தாங்க. ஆட்டத்திலிருந்து நேத்துதான் ரிட்டயர் ஆனேன். சீட்ல உட்கார்றது இன்னைக்குத்தான்!"