எழுபத்திரண்டாவது எலும்பு

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்றுதான் பராமரிப்பு அக்கா நெட்டைக்கழுத்தனைத் தூசி தட்டுவாள். மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே கடலில் வாழ்ந்து அழிந்துபோன பிராணி அது. கூடத்தில் நிற்பது வெறும் எலும்புதான். கழுத்தில் மட்டும் எழுபத்தோர் எலும்புகள். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒவ்வொன்றிலும் வெள்ளை மையில் எண் போட்டவள் அவளே. அந்த மைப்புட்டி எப்போதோ காய்ந்து கல்லாகிவிட்டது.

அந்தத் திங்கள் எண்ணியபோது எழுபத்திரண்டு இருந்தன. தலைக்குக் கீழே, புதிய எலும்பில், அவள் கையெழுத்திலேயே 72. அவள் எழுதவில்லை.

பதிவேட்டில் அவள் 72 என்று குறித்திருந்ததைப் பார்த்த காப்பாளர் முகத்தைச் சுளித்தார். “எழுபத்தொண்ணுன்னு மாத்தும்மா. யார் காதுல பூ சுத்தற?”

“இருக்கறதைத்தான் சார் எழுதுவேன். சந்தேகம்னா வந்து எண்ணிப் பாருங்க.”

அவர் வரவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அவளும் அடிக்கவில்லை, திருத்தவில்லை.

அடுத்த திங்கள் எழுபத்துமூன்று. இந்த முறை அவள் விடவில்லை. காப்பாளரைக் கையோடு கூட்டிவந்து ஏணியில் ஏற்றினாள்.

“அந்த மூணோட வாலைப் பாருங்க சார். இப்படிச் சுழிச்சுப் போடறது இந்தக் கட்டடத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

“நான் இங்க ஏறினதே இல்லம்மா.”

“நானுந்தான் போன வாரம் எழுதல. அதுக்காக இல்லாததாயிடுமா?”

73 என்று பதிவேட்டில் அழுத்தி எழுதி, பேனாவோடு மேலே நீட்டினாள்.

“போடுங்க சார். எனக்கு இன்னும் வால் தூசி தட்டப் பாக்கி இருக்கு.”

பேனாவை வாங்கிய அவர் விரலில் வெள்ளை மை ஈரமாக இருந்தது.