தில்லைநாயகியின் மூன்றாம் தேர்வு

கல்லூரி நூலகர் தில்லைநாயகி தற்கொலைத் தடுப்புப் பயிற்சியில் இரண்டு முறை தோற்றிருந்தார். மாணவரைப் போலவே இருக்கும் எந்திரம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் சோகமாக வந்து உட்காரும். நேரடியாக விசாரித்து, அறிவுரை சொல்லாமல் கேட்டு, ஆலோசகரிடம் கூட்டிப்போக வேண்டும். “காலையில எழுந்து குளிச்சாலே சரியாயிடும்” என்று அறிவுரை சொல்லியே இரண்டு முறையும் தோற்றார்.

வியாழனன்று ஒரு பெண் அரை மணி நேரமாக ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். ‘வந்துட்டியா, இந்தத் தடவை விடமாட்டேன்’ என்று நினைத்தபடி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?”

“ஆமா மேம்.”

“சொல்லு, கேக்குறேன்.”

ஒரு மணி நேரம் பேசினாள். ‘இதெல்லாம் ஒரு கவலையா’ என்பது எட்டு முறை நாக்கு நுனிவரை வந்தது. எட்டு முறையும் விழுங்கினார். பிறகு கைபிடித்து ஆலோசகர் ஹமீதாவிடம் கூட்டிப்போய் உள்ளே உட்காரவைத்தார். வெளியே வந்த ஹமீதாவிடம் ரகசியமாகக் கேட்டார்: “எனக்கு எவ்ளோ மார்க்?”

“என்ன மேடம், எந்திரம் அதோ சார்ஜ்ல நிக்குதே!”

தில்லைநாயகி திரும்பி, உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

அடுத்த மாதம் எந்திரம் நூலகத்தில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தது. இனி ஏமாறக் கூடாதென்று முதலில் அதன் கையை நறுக்கென்று கிள்ளிப் பார்த்தார். மூன்றாம் முறையும் தோல்வி.

ஓர மேசையிலிருந்த அந்தப் பெண், எஸ்தர், நூலகமே அதிரச் சிரித்தாள். சின்ன இருமலுக்கே இருபது வருடமாக மேசையைத் தட்டுகிறவர், அன்று தட்டவில்லை.