அப்ஸானா அனுப்பிய பதில்

"தப்பிச்சேடா ஹஸ்னைன்! ஒரேயடியா தப்பிச்சே!" என்றார் மஹ்மூது நானா. கவுண்டர் மேல் சாய்த்து வைத்திருந்த அவருடைய போனில் காரைக்கால் கல்யாண மண்டபம் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஹஸ்னைன் முகத்தில் தப்பித்தவனின் களை துளிகூட இல்லை. கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில் மஹ்மூது நானாவின் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். சில மாதங்களுக்கு முன்புவரை அந்த மேடையில் உட்கார வேண்டிய மாப்பிள்ளை அவன்தான். இப்போது அங்கே மாலையும் கழுத்துமாக இருப்பவன் ஜைத். பெண் மட்டும் அதே அப்ஸானா.

"அணைச்சுடுங்க நானா."

"ஏன் அணைக்கணும்? நல்லாப் பாரு. உன்னைப் பார்த்து 'போ'ன்னு சொன்னவ எவனுக்கு வாக்கப்படுறான்னு பாரு!"

அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அப்ஸானாவின் குடும்பம் பாட்டனார் காலத்திலிருந்தே பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பம். நிக்காஹ் முடிந்ததும் பாரிஸில் இருக்கும் அவள் மாமா வீட்டில் போய்க் குடியேறுவதாக ஏற்பாடு. ஊரே ஹஸ்னைனை 'பாஸ்போர்ட் மாப்பிள்ளை' என்று கேலி செய்தது. அவனும் எத்தனை நாள்தான் சிரித்துச் சமாளிப்பான்?

ஒருநாள் ரோஷம் தலைக்கேறி, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டான். "உங்க மாமா வீட்டுல வந்து ஒட்டிக்கிட்டுக் கிடக்க என்னால முடியாது அப்ஸானா. வேற எந்த ஊருன்னாலும் சரி, சொல்லு. இல்ல, நான் விலகிக்கணும்னாலும் சொல்லிடு."

ஒரு வாரம் பேச்சு மூச்சே இல்லை. பிறகு அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பஸ் ஹாரன்களுக்கு நடுவே ஒரே ஒரு சொல்.

"போ."

பெண்கள் செல்லமாகச் சொல்லும் 'போ' உண்டு. கோபமாகச் சொல்லும் 'போ'வும் உண்டு. இது இரண்டிலும் சேராமல் மொட்டையாக இருந்தது. ஹஸ்னைன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். மஹ்மூது நானாவும் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். கூடப் பிறந்த தங்கைகளுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்து அனுப்பியவர், அவருக்குத் தெரியாததா?

"கோவப்பட்டிருந்தாலாச்சும் பேசிப் பாக்கலாம்டா. மனசு விட்டுப் போனவதான் இப்படி உப்புச் சப்பில்லாம சொல்லுவா. நம்பரை பிளாக் பண்ணு. கலாஸ், கதை முடிஞ்சுது!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஹஸ்னைன் பிளாக் செய்தான். உம்மா ரஹீமா பீவிக்கு போன் போட்டு, "இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றான். காரணம் மட்டும் சொல்லவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளே போகச் சொல்லிவிட்டாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

"அந்தப் புள்ள வீட்டுக்கே வந்து அழுதுட்டுப் போச்சுடா. 'அவங்க கேட்டாங்க, நான் பதில் சொன்னேன், அது ஒரு குத்தமா'ன்னு கேக்குது. அப்படி என்னதான்டா கேட்டே?" என்று உம்மா கெஞ்சினார்.

என்ன திமிர்! சொன்னதையும் சொல்லிவிட்டு, குற்றமா என்று வேறு கேட்கிறாளாம். "இனிமே அவ பேச்சை எடுக்காதீங்க உம்மா" என்று போனை வைத்துவிட்டான். பெண்ணின் வாப்பாவும் லேசுப்பட்ட ரோஷக்காரர் இல்லை. அடுத்த மாதமே ஜைத்தைப் பேசி முடித்துவிட்டார்.

போனில் ஹஜ்ரத் துஆ ஓதி முடித்தார். "ஆமீன்" என்று மண்டபமே முழங்கியது. ஜைத்தை ஆளாளுக்குக் கட்டியணைத்து வாழ்த்தினார்கள். முடிந்துவிட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஹஸ்னைனால் என்ன செய்துவிட முடியும்? துடைத்த கண்ணாடி அலமாரியையே மறுபடியும் துடைத்தான்.

கடைக்குள் தமிழர் ஒருவர் வந்தார். எண்ணெய்க் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"தம்பி, பிரான்ஸ்ல போடுற பிளக் அடாப்டர் இருக்கா? உருண்டையா ரெண்டு கம்பி இருக்குமே, அது. டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. குடும்பத்தோட அங்கேயே போய் செட்டில் ஆகுறோம்."

பிரான்ஸ் என்றதுமே ஹஸ்னைனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்தவரிடம் முகத்தைக் காட்ட முடியுமா?

"பாரிஸா சார்?" என்று கேட்டபடி அடாப்டரை எடுத்து வைத்தான்.

"பாரிஸ் எங்கயோ வடக்க இருக்கு. நாங்க போறது தென்மேற்கு மூலைக்கு. ஸ்பெயின் மலை அங்கேருந்தே தெரியுமாம். நம்ம ஆளுங்க அதிகம் இல்லாத இடம். சொந்தக்காரங்க தொல்லை வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு அதைவிடத் தோதான ஊரு கிடையாது!"

"ஊரு பேரு என்ன சார்?"

"போ."

ஹஸ்னைன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "நான் என்ன சார் தப்பாக் கேட்டேன்? எதுக்குப் போகச் சொல்றீங்க?"

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, உன்னைப் போகச் சொல்லலப்பா. அந்த ஊருக்குப் பேரே 'போ'தான்!"