வேம்பார் எல்லை

சாயல்குடியைத் தாண்டியதும் விண்ணரசிக்கு வலி உச்சத்துக்குப் போனது. ஆம்புலன்சில் கூட வந்த நர்ஸ், "வண்டிய ஓரமா நிறுத்துங்க, தலை தெரியுது" என்றாள்.

"நிறுத்தாதீங்க! வேம்பாரு பக்கத்துலதான். தூத்துக்குடி மாவட்டத்துல பொறக்கட்டும்" என்றான் கணவன் மரியதாசன்.

விண்ணரசி மறுக்கவில்லை. மூத்த மகள் ஸ்டெஃபி மாநிலப் பள்ளிப் போட்டியில் பதினோரு கோல் போட்டவள். ஆனால் எந்தக் கல்லூரியும் அவள் ஆட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. பிறந்த மாவட்டம் இராமநாதபுரம் என்றதுமே, விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கணினி அவளைத் தள்ளிவிட்டது. அங்கே பிறந்தவர்கள் கால்பந்தில் தேற மாட்டார்களாம். இப்போது இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள்.

"அக்கா, முக்குங்க! புள்ளைக்கு மூச்சு முட்டும்!" என்று நர்ஸ் கத்தினாள்.

விண்ணரசி பல்லைக் கடித்துத் தொடைகளை இறுக்கிக்கொண்டாள். வண்டி எல்லைப் பலகையைக் கடந்த பிறகுதான் முக்கினாள்.

பெண் குழந்தை. நர்ஸ் அதன் முதுகில் தட்டினாள், மறுபடி தட்டினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

"ஏன் அழல?" என்று கேட்டாள் விண்ணரசி.

கைப்பேசியில் பிறப்பைப் பதிந்துகொண்டிருந்த மரியதாசன் நிமிர்ந்தான். "தூத்துக்குடின்னு பதிவாயிருச்சு, விண்ணு!"

நர்ஸ் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள்.