விரலிடுக்கில் ஒரு சாவி

அந்திக் கடைவீதியில் மழை தூறுகிறது. நனைந்த தரையில் விளக்குகளின் மஞ்சள் வழிந்து கிடக்கிறது. கடை வேலை முடிந்து மகள் முன்னால் போகிறாள். அவளுக்குக் குடை கொண்டுவந்த பேருந்து ஓட்டுநரான அப்பா, மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். கூப்பிடாமல் பின்னால் போய் அவள் தலைக்கு மேல் குடையை விரித்து அசத்த வேண்டும் என்று ஒரு சின்னப்பிள்ளை ஆசை. சிரிப்பை அடக்கிக்கொண்டு எட்டி நடக்கிறார். அவளும் எட்டி நடக்கிறாள். பையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். கழுதை, என்னமாய் நடக்கிறது என்று அவருக்குப் பெருமை வேறு. கைக்கெட்டும் தூரத்தில் அவள் சட்டென்று திரும்புகிறாள். விரலிடுக்கில் பிடித்த வீட்டுச் சாவியின் முனை அவர் கண்ணுக்கு நேரே நிற்கிறது. பல்லைக் கடித்து வெளிறிய அந்த முகம் அவர் பெற்ற மகளின் முகமாகவே இல்லை. "அப்பாவா?" என்கிறாள். "நான்தாம்மா. பயந்துட்டியா?" அவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். "இல்லப்பா, தினமும் இப்படித்தான் வருவேன்" என்கிறாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. அவர் குடையை விரிக்கிறார். குடைக்குள் அவர் தோளை ஒட்டி நடக்கும்போதும் சாவி அவள் விரலிடுக்கிலேயே இருக்கிறது.