ஐந்தாம் நாள் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை கிடையாது. அக்கா மட்டும் இருந்தாள்.

இருபது வருஷமாக அங்கே உதவியாளர். இயக்குநர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் அக்காதான்.

வாளித் தண்ணீரில் சவ்வுப் பை மிதந்தது. அதற்குள் மரக்கூழிலிருந்து பிரித்த இழைகள். தலைமுடி ஒன்றைப் பல்லாயிரமாக வகிர்ந்தால் வருமே, அவ்வளவு மெல்லிசு.

சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதனால் புதன்கிழமை ரசாயனம் சேர்த்து இழைகளின் மேற்பரப்பையே மாற்றியிருந்தார்கள். இனி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும்.

அந்த ரசாயனத்தின் மிச்ச உப்பு பையிலிருந்து கசிந்து வெளியேற, ஐந்து நாள் தண்ணீர் மாற்ற வேண்டும். சனி, ஞாயிறு யார் வருவது? எல்லார் வீட்டிலும் ஆயிரம் சோலி. அக்காதான் வருவாள்.

அக்காவுக்கு வேலை என்றால் உசுரு என்பார்கள்.

வாளியைச் சாய்க்கப் போனபோது கதவு திறந்தது. போன மாதம் சேர்ந்த பெண் ஆய்வாளர். மறந்துவிட்டுப் போன சார்ஜரை எடுக்க வந்திருந்தாள். வாசலில் காருக்குள் கணவனும் குழந்தையும்.

போகிற போக்கில், உப்பைக் காட்டும் மீட்டரை வாளியில் நனைத்துப் பார்த்தாள்.

"அக்கா, நேத்து மாத்துன தண்ணியில உப்பே இறங்கலையே! வெள்ளிக்கிழமையே சுத்தமாயிருக்கும். அஞ்சு நாள்னு எந்தப் புண்ணியவான் எழுதி வெச்சது?"

"பழைய ஆளுங்க யாராவதா இருக்கும்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் பேனாவை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளில் ஐந்தை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள். இனிமேலாவது லீவு நாளில் வீட்டில் நிம்மதியாக இருக்கச் சொல்லி, அக்காவின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடினாள்.

வெளியே கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அக்கா வாளியைக் கொட்டினாள். புதுத் தண்ணீர் பிடித்தாள். அவசியமே இல்லாத தண்ணீர். பையை மெல்ல அதில் இறக்கினாள்.

பிறகு அந்தத் தாளின் முன்னால் போய் நின்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன், கணவர் தவறிப்போனபின் அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், அங்கே ஒட்டியிருந்த பழைய தாளில் மூன்று என்றுதான் இருந்தது.

அதைக் கிழித்துவிட்டு, ஐந்து என்று புதுத் தாள் அடித்து ஒட்டியவள் அவள்தான்.